அந்தியில் மலரும் பூ

(திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்ந்த மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘முதுமையும் படைப்பாற்றலும்’ என்பதாகும். முதுமையைப் பற்றிப் பேச வந்தால் நிலையாமையை விரித்துரைத்து, ‘எல்லாவற்றையும் விடுத்து இறைவனை எண்ணுங்கள்’ என்று முடிப்பது சொற்பொழிவாளர்களின் வழக்கம். அதுவும் உண்மையே. ஆயினும், இறைவனை எண்ணும் நெஞ்சுடையோர் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொன்னதில்லை. மூத்த வயதிலும் புதியன செய்தவர்கள் அவர்கள். அது எவ்வாறு இயன்றது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

அறுபது நிறைவதன் பொருள்

நம் முன்னோர் ஆண்டுகளுக்குப் பெயரிட்டு வழங்கினர். பிரபவ முதலாக அட்சய ஈறாக அவை அறுபது. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர், அவருக்கு அறுபது நிறையும்போது மீண்டும் வருகிறது. சுற்று முடிந்துவிட்டதே என்று அவர்கள் துயருறவில்லை. மறு சுற்றுத் தொடங்குகிறது என்று விழா எடுத்தார்கள். திருக்கடையூருக்குச் சென்றவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். அறுபது நிறைந்தோர்க்கு மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று வரிசையாகக் கலசங்கள் வைக்கப்பெற்றிருக்கும். நரைத்த தலைகளில் புனித நீர் சொரியும். கணவர் மீண்டும் மங்கல நாண் பூட்டுவார். பேரப் பிள்ளைகள் விழுந்து வணங்குவார்கள்.

விழா முடிந்த மறுநாள் காலையில்தான் கேள்வி எழுகிறது. அலுவலகம் இல்லை, கடைக் கணக்கைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள், அடுப்படியும் மருமகள் கைக்குப் போய்விட்டது. நாளிதழைப் படித்து முடித்தால் பொழுது ஒன்பது மணிகூட ஆகவில்லை. அப்போது நாவில் ஒரு சொல் வருகிறது: ‘இனி என்ன இருக்கிறது?’ 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அறுபது வயதை எட்டியவர். அத்தனை பேரும் இச்சொல்லைச் சொல்லிக்கொண்டு அமர்ந்துவிட்டால், இழப்பு அவர்களுக்கு மட்டும் உரியதாக இராது. நாடே எதையோ இழந்துவிடும். எதை இழக்கும் என்பதற்கு ஒரு வாழ்க்கையைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்

தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையரை அறியாதார் இலர். அவர் தோன்றியது 1855ஆம் ஆண்டு. சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவற்றை அவர் அச்சேற்றியது 1887க்கும் 1898க்கும் இடைப்பட்ட காலத்தில். அப்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. இவற்றை நாம் அனைவரும் அறிவோம்.

அவர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றது 1919இல். வயது 64. பெருநூல்களைப் பதிப்பித்தாயிற்று, மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் 1906ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ‘இனி என்ன இருக்கிறது?’ என்று அவர் கேட்டிருந்தால் குறை சொல்லுவார் யார்? இனித் திண்ணையில் அமர்ந்து வருவோரை வாழ்த்திக்கொண்டிருந்தாலும் அவர் புகழ் குன்றியிராது.

அவ்வாறு அவர் அமர்ந்திருந்தால் நாம் இழந்திருக்கக் கூடியவற்றை எண்ணிப் பாருங்கள். பெருங்கதை அவர் பதிப்பாக வெளிவந்தது 1924இல், வயது 69. குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தது 1937இல், வயது 82. இவ்விரண்டும் அவர் முன்பு செய்துவந்த பதிப்புப் பணியின் தொடர்ச்சி. இவற்றினும் வியப்புக்குரியது, அவர் முன்பு அதிகம் செய்யாத ஒன்றை முதுமையில் கைக்கொண்டது. பண்டிதர்களுக்கு அரும்பதவுரை எழுதிய அப்பேராசிரியர், பொதுமக்கள் படித்து மகிழும் எளிய உரைநடைக் கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதலானார். பழையதும் புதியதும், நல்லுரைக் கோவை, நினைவு மஞ்சரி என்று தொகுதி தொகுதியாக அவை வெளிவந்தன. தாம் கண்ட புலவர்கள், பாடகர்கள், வள்ளல்கள், ஏழைக் குடியானவர்கள் அனைவரையும் அவற்றில் உலவவிட்டார்.

தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றை அவர் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில். ஆசிரியர் மறைந்ததோ 1876இல். மாணவருக்கு அப்போது வயது இருபத்தொன்றுகூட நிறையவில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் நெஞ்சில் சுமந்திருந்ததை, எழுபத்தெட்டாம் வயதில் தாளில் இறக்கிவைத்தார். அந்த ஆசிரியரின் அருகில் அமர்ந்து பாடம் கேட்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம் அது. இன்னும் பத்து ஆண்டுகள் அவர் சோர்ந்திருந்தால், அந்தக் குருகுல வாழ்வு அவரோடு மறைந்தே போயிருக்கும்.

இளமையில் அவர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடியபோது, பலவற்றைக் கறையான் அரித்திருந்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டவையும் உண்டு. அந்த இழப்பைக் கண்ணால் கண்டு வருந்தியவர் அவர். மனித நெஞ்சும் ஒரு சுவடிதானே? அதில் எழுதப்பட்டிருப்பது பிறர் கைக்குச் சேருமுன் போய்விடக் கூடாது என்னும் கவலைதான் அந்த முதியவரை மேசையருகே அமர்த்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

எது குறைகிறது, எது நிற்கிறது?

‘அவர் பிறவி மேதை. எங்கள் உடல் ஒத்துழைக்கவில்லையே’ என்று நீங்கள் கூறலாம். நியாயமான சொல். மூப்பில் குறைவன குறையத்தான் செய்கின்றன. கண்ணில் புரை படர்கிறது, செவி மந்தமாகிறது, முழங்கால் வலிக்கிறது, தெரிந்தவர் பெயர் நாவின் நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கிறது. புதிய ஒன்றைக் கற்க முன்னினும் காலம் பிடிக்கிறது. இவற்றை மறைப்பதில் பயனில்லை.

ஆயினும் எல்லாம் ஒரே அளவில் குறைவதில்லை என்பதை மருத்துவ அறிஞர்களும் உளவியலாரும் கண்டிருக்கிறார்கள். விரைவு குறையும், சொல்வளமும் பொது அறிவும் நெடுங்காலம் நிலைத்திருக்கும். பத்து நிகழ்ச்சிகளைப் பார்த்தவுடன் அவற்றின் பொதுத்தன்மையை உணரும் பக்குவம் பட்டறிவால் வருவது. ஆகவே இளமையின் வேகத்தை முதுமையில் தேடுவோர் ஏமாற்றம் அடைவர். இருப்பதைக் கொண்டு செய்வதற்கேற்ப முறையை மாற்றிக்கொள்பவரோ தொடர்ந்து படைக்கிறார்.

தமிழ்த்தாத்தா அவ்வாறே செய்தார். முதுமையில் அவர் சொல்லச் சொல்லக் கி.வா. ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் எழுதினார்கள். நெஞ்சு முதியவருடையது, கை இளையவருடையது.

சிற்பக் கலையிலும் இதற்குச் சான்று உண்டு. கன்னியாகுமரியில் கடல் நடுவே நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவர் வை. கணபதி ஸ்தபதி. அவர் பிறந்தது 1927இல். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பின்னரே அப்பெரும்பணி அவர் கைக்கு வந்தது. 1990இல் தொடங்கிய வேலை நிறைவெய்தி, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் சிலை திறக்கப்பெற்றபோது அவருக்கு வயது 72. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடம். ஏனைய இரு பால்களின் 95 அதிகாரங்களைக் குறிக்கும் 95 அடி உருவம். அத்தனை கல்லையும் ஒருவரே செதுக்கியிருக்க முடியுமா? உளி பிடித்த கைகள் பல. அளவும் அமைப்பும் கண்ணோட்டமும் அம்முதிய ஸ்தபதியுடையவை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் தாங்கி அச்சிலை நிற்கிறது. ஓய்வு வயது கடந்தவரின் கணக்கு எத்துணை உறுதியானது என்பதற்கு அக்கடலே சாட்சி.

கயிலையைத் தேடிய கால்கள்

இத்திருக்கோயிலில் அமர்ந்து முதுமையைப் பேசுவோர் அப்பர் பெருமானை நினையாதிருக்க இயலாது. அவர் எண்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. நெடுங்காலம் சமணத் துறவியாக விளங்கிய பின்னரே திருவதிகையில் தமக்கையார் திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார். நமக்குக் கிடைத்துள்ள அவருடைய 312 பதிகங்களும் அதன் பின்னர் அவர் பாடியவையே. வாழ்வின் ஒரு பகுதி முடிந்துவிட்டது என்று எண்ணத்தக்க இடத்தில் அவருடைய பாட்டுத் தொடங்குகிறது.

தளர்ந்த வயதில் அவர் கயிலையைக் காண நடந்தார். கால்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். அந்நிலையில் இறைவன் அவரை மேலும் வடக்கே அழைக்கவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்தான்; கயிலைக் காட்சியை அங்கேயே காட்டினான் என்று பெரியபுராணம் கூறுகிறது.

இந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். முதுமையில் கேட்கும்போது இதில் வேறொரு பொருள் தோன்றுகிறது. தொலைவில் தேடியதை அருகிலேயே காட்டினான் இறைவன். இளமையில் செய்ய நினைத்து விட்டுப்போன பெரிய செயல்களை எண்ணி ஏங்குவோர் நம்மில் பலர். அவற்றுக்கான வழி இப்போது நீளமாகத் தோன்றலாம். உங்கள் திருவையாறு உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே, இந்தத் திருக்கோயில் பிராகாரத்திலேயே இருக்கக் கூடும்.

காட்சி கண்ட பின் அப்பர் அடிகள் ஓய்ந்துவிடவும் இல்லை. திருப்பூந்துருத்தியில் தங்கித் தொண்டு செய்தார். அங்கே தம்மினும் பல்லாண்டு இளையவரான திருஞானசம்பந்தர் ஏறிவந்த சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தாமும் தாங்கினார். இறுதியில் திருப்புகலூரில், உழவாரம் கையில் இருக்கவே, அவர் திருத்தொண்டு நிறைவெய்தியது. நாவில் பாட்டு, கையில் உழவாரம், தோளில் இளையவரின் சிவிகை! முதுமைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு வேண்டுமோ?

எளியோர் கைகளில் உள்ள செல்வம்

‘நாங்கள் பாடவும் அறியோம், எழுதவும் அறியோம்’ என்று தாய்மார்கள் சிலர் எண்ணக் கூடும். படைப்பு என்றால் நூல் எழுதுவதும் சிலை வடிப்பதும் மட்டுமா? இருபத்தொரு புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இடத் தெரிந்தவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது என்பது எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படுவதில்லை. குழந்தையின் பெயரையும் ஊரின் பெயரையும் மாமன் பெயரையும் அப்போதைக்கப்போது இட்டுக்கட்டிப் பாடிய தாலாட்டு, பாடிய தாய் மறைந்தால் மறைந்துவிடும். தேர் திரும்பும் முனையில் முட்டுக்கட்டையை எந்தக் கணத்தில், எந்தச் சாய்வில் இட வேண்டும் என்பதை அறிந்த முதியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஏட்டில் இல்லை. அவர்கள் கண்ணிலும் கையிலும் இருக்கிறது.

கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் பாட்டி, நூறு வயதைக் கடந்ததாக அறியப்பட்ட பின்னும் தம் நிலத்தில் இயற்கை முறையில் வேளாண்மை செய்துவந்தார். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. 2024இல் மறைந்தார். மண்ணில் விதைத்து உயிரை எழுப்புவதைக் காட்டிலும் பெரிய படைப்பு எது?

இங்கு ஒன்றையும் மறவாமல் சொல்ல வேண்டும். நோயால் படுத்த முதியோர் உண்டு. துணையை இழந்து துயரில் இருப்போர் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காக எழுபதிலும் கூலிக்குச் செல்வோர் உண்டு. ‘நீங்களும் ஏதாவது படையுங்கள்’ என்று அவர்களை நெருக்குவது அறமாகாது. அவர்களுக்கு வேண்டியது ஆறுதலும் சோறும் மருந்தும். இளைப்பாறுதலும் முதுமையின் உரிமையே. இயன்றும் இயலாது என்று எண்ணி ஒதுங்கியிருப்போர்க்கே இன்றைய பேச்சு.

செயற்படுத்தத் தக்க சில வழிகள்

முதலாவது, நாளில் ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அரை மணி நேரம் போதும். ஒரு பக்கம் எழுதுங்கள், அல்லது ஒரு பாட்டை நினைவுகூருங்கள், அல்லது ஒரு புதிய கோலத்தை வரையுங்கள். மனநிலை வாய்க்கட்டும் என்று காத்திருப்போர்க்கு அது வாய்ப்பதே இல்லை.

இரண்டாவது, கண்ணையும் செவியையும் பேணுங்கள். கண்புரை இக்காலத்தில் அறுவை சிகிச்சையால் நீக்கத்தக்கது. செவி மந்தமானால் காதுக் கருவி அணிவதில் நாணம் வேண்டா. கேட்க முடியாதவர் பேச்சிலிருந்து விலகுகிறார். பேச்சிலிருந்து விலகியவர் மனிதரிடமிருந்தும் விலகிவிடுகிறார். பழகிய வழியே மறந்துபோகும் அளவு மறதி மிகுந்தால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் மருத்துவரை நாடுங்கள்.

மூன்றாவது, எழுதக் கை நடுங்கினால் சொல்லுங்கள். பேரனின் கைபேசியே குரலைப் பதிவு செய்துகொள்ளும்.

நான்காவது, இளையோரிடம் கற்க அஞ்சாதீர்கள். நாவல் மரத்தின் மேலிருந்த சிறுவன் ‘சுட்ட பழமா, சுடாத பழமா’ என்று கேட்க, ஔவைப் பாட்டி திகைத்து நின்ற கதையைச் சிறு வயதில் கேட்டு நகைத்தோம். அத்தனையும் கற்ற மூதாட்டி ஒரு சிறுவனிடம் புதிதாக ஒன்றைக் கற்க இசைந்தார் என்பதே அக்கதையின் பெருமை. வந்தவன் முருகன் என்பது கற்ற பின்னரே அவருக்குத் தெரிந்தது!

இளைய செல்வங்களுக்கு

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். முதியவரின் படைப்புக்குக் கேட்பார் ஒருவர் வேண்டும். தாத்தா ஒரு நிகழ்ச்சியை நான்காம் முறை சொல்லும்போது, ‘முன்பே சொன்னீர்கள்’ என்று நிறுத்திவிடாதீர்கள். ‘அப்போது உடன் இருந்தவர் யார்? அந்தக் குளம் இப்போது எங்கே?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான்கு முறையும் வெளிவராத செய்தி ஐந்தாம் முறை வெளிவரும். தமிழ்த்தாத்தாவுக்கு எழுதுவதற்கு மாணவர் வாய்த்தார்கள். உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கு, பாட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

நிறைவுரை

தமிழ்த்தாத்தாவின் கடைசிப் பணியைச் சொல்லி அமைகிறேன். எண்பத்தைந்தாம் வயதை எட்டும் வேளையில், 1940ஆம் ஆண்டு சனவரியில், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கினார். இதனை முழுதும் சொல்லி முடிக்க ஆயுள் இடம் தருமா என்று எவரும் ஐயுறக் கூடிய வயது அது. அவர் வாரந்தோறும் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாம் உலகப் போரின் அச்சத்தால் மக்கள் சென்னையை விட்டு வெளியேறிய நாளில் அவரும் திருக்கழுக்குன்றம் சென்றார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே இறைவனடி சேர்ந்தார். சரித்திரம் பாதியில் நின்றது.

பாதியில் நின்ற அந்நூல் 1950இல் நூலுருப் பெற்றது. தமிழில் தோன்றிய தன்வரலாறுகளுள் அதற்குத் தனியிடம் உண்டு. ஆசிரியர் சொல்லாது விட்ட எஞ்சிய பகுதியை, ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலில் மாணவர் கி.வா.ஜ. எழுதினார். ஆசிரியரின் வரலாற்றை மாணவர் எழுத, அம்மாணவரின் வரலாற்றை அவருடைய மாணவர் எழுதியது தமிழ் பெற்ற பேறு.

ஆகவே, முடிக்க நாள் இருக்குமோ என்று அஞ்சித் தொடங்காமல் இராதீர்கள். முதுமையில் தொடங்கும் செயலை முடித்தே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பெற்றுக்கொள்ள ஒரு கை அருகில் இருந்தால் போதும். அந்திமந்தாரை மாலையில்தான் மலர்கிறது. காலையில் மலராமற் போனோமே என்று அது வருந்துவதில்லை. மாலைப் பூசைக்கு அது உதவுகிறது.

இல்லம் திரும்பியதும் பெரியோர்கள் நாளைய அரை மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இளையோர்கள் ஒரு கேள்வியோடு அவர்கள் அருகில் அமருங்கள். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நீண்ட ஆயுளையும், அந்த ஆயுள் முழுதும் செய்வதற்கு ஒரு நற்பணியையும் அருள்வானாக!